இடைக்கால ஆங்கில மடத்தில் ஒரு கொலை: முதன்முறை எழுதுபவர்களுக்கு

துப்பறியும் கதை எழுத ஆசை. ஆனால் செல்போனும் சிசிடிவியும் டிஎன்ஏ சோதனையும் குறுக்கே வந்து நாலாம் அத்தியாயத்திலேயே கொலைகாரனைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. இப்படி அலுத்துக்கொள்பவர்களுக்கு இடைக்கால இங்கிலாந்தின் கிறிஸ்தவத் துறவு மடம் நல்ல புகலிடம். சுற்றிலும் மதில், காவலுள்ள வாசல், உள்ளே முப்பது நாற்பது துறவிகள். எல்லோருக்கும் ஒரே அங்கி, ஒரே முக்காடு. பொழுது சாய்ந்தபின் யாரும் யாரோடும் பேசக் கூடாது. கொலைக்கதைக்காரன் கேட்டு வாங்கியதுபோல் ஓர் இடம்.

இந்த வகையில் நான் படித்துப் பார்த்த முதல் வரைவுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பனிமூட்டம், மெழுகுவத்தி, லத்தீன் பாட்டு, முதல் பக்கத்திலேயே பிணம். அதற்குப் பிறகு நடப்பதை ஊட்டியில் ஒரு பங்களாவுக்கு மாற்றினாலும் ஒரு வரிகூடத் திருத்த வேண்டியிருக்காது. மடம் வெறும் திரைச்சீலையாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

அதனால் பிணத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மடத்தில் ஒன்றுமே நடக்காத ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எழுவது, நடப்பது, உண்பது, உறங்குவது எல்லாவற்றுக்கும் அங்கே விதி உண்டு. ஆகவே எந்த இடத்தில் ஒழுங்கு பிசகியது என்பதே துப்பு. அதை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டியதில்லை.

ஆண்டு

‘இடைக்காலம்’ என்று பொத்தாம்பொதுவாக வைத்துக்கொண்டு எழுத உட்காராதீர்கள். 1066-இல் நார்மானியர் வந்ததிலிருந்து 1540-இல் கடைசி மடமான வால்தம் மூடப்பட்டது வரை எடுத்துக்கொண்டாலே ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டு. அதற்குள் சட்டம் பலமுறை மாறியிருக்கிறது.

கொரோனர் எனப்படும் மரண விசாரணை அதிகாரி 1194-இல்தான் வருகிறார். அதற்கு முன்னால் கதையை வைத்தால், பிணத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்க அரசர் தரப்பில் இப்படி ஒரு அதிகாரி இல்லை. 1215 வரை இன்னொரு சிக்கல் உண்டு. சந்தேகப்பட்டவனைக் கட்டித் தண்ணீரில் இறக்குவார்கள். மூழ்கினால் நிரபராதி, மிதந்தால் குற்றவாளி. அந்த ஆண்டு நடந்த கத்தோலிக்கத் திருச்சபையின் லாத்தரன் பொதுச்சங்கம், குருமார்கள் இந்தச் சோதனைகளில் பங்குகொள்ளக் கூடாது என்று தடுத்தது. 1219-இல் இங்கிலாந்து அரசும் அதைக் கைவிட்டது. தடயத்துக்கும் சாட்சிக்கும் மதிப்பிருக்கும் கதை வேண்டுமென்றால் அதற்குப் பிந்தைய காலமே வசதி.

மேல் எல்லையும் உண்டு. 1280-கள் முதல் இயந்திரக் கடிகாரங்கள் மடங்களுக்குள் வரத் தொடங்குகின்றன. 1283-இல் டன்ஸ்டபிள் மடத்தில் ஒன்று வைத்த செய்தி இருக்கிறது. கடிகாரம் வந்துவிட்டால் உங்கள் பாத்திரங்கள் “எத்தனை மணிக்கு?” என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள், சுவாரசியம் பாதி போய்விடும்.

1349 கொள்ளைநோய் ஆண்டு பலரையும் இழுக்கும். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் மடாதிபதியும் 47 துறவிகளும் அந்த நோயில் இறந்தார்கள். அத்தனை சாவுக்கு நடுவே ஒரு கொலையை ஒளித்துவைப்பது நல்ல யோசனைதான். ஆனால் வாசகருக்கும் அந்த ஒரு சாவின்மேல் அக்கறை இல்லாமல் போய்விடும். கைதேர்ந்தபின் முயலுங்கள். எட்டாம் ஹென்றி மடங்களை மூடிய 1536-க்குப் பிந்தைய காலம் வேண்டவே வேண்டாம் என்பேன். அரசியல் வந்து கதையை விழுங்கிவிடும்.

முதல் கதைக்கு என் சிபாரிசு 1220-க்கும் 1280-க்கும் இடைப்பட்ட காலம், நவம்பர் மாதம். ஏன் நவம்பர் என்பது பொழுதுகளைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

எந்தச் சபை

கறுப்பு அங்கிக்காரர்கள் பெனடிக்ட் சபையினர். ஊரை ஒட்டிய பெரிய மடங்கள் பெரும்பாலும் இவர்களுடையவை: வெஸ்ட்மின்ஸ்டர், டர்ஹம், பரி செயின்ட் எட்மண்ட்ஸ், கிளாஸ்டன்பரி. வெள்ளை அங்கிக்காரர்கள் சிஸ்டெர்சியர்கள். ஊரைவிட்டு ஒதுங்கி, ஆற்றோரப் பள்ளத்தாக்குகளில் ஆடு வளர்த்தவர்கள். யார்க்ஷயரின் ஃபவுன்டன்ஸ், ரீவோ இரண்டும் இவர்களுடையவை. இவர்களிடம் கதைக்கு உதவும் ஒரு விசேஷம் உண்டு. பாடல் பாடும் துறவிகள் ஒரு பக்கம், வயல்வேலை பார்க்கும் எழுத்தறிவில்லாத உழைப்புச் சகோதரர்கள் மறுபக்கம். தனிப் படுக்கை, தனிச் சாப்பாட்டுக்கூடம். கோயிலிலும் தனி இடம். ஒரே மதிலுக்குள் இரண்டு ஊர். அவர்கள் இருந்த மேற்குக் கட்டடம் ஃபவுன்டன்ஸில் இன்றும் நிற்கிறது, ஏறக்குறைய 300 அடி நீளம்.

கன்னியர் மடங்களை யாரும் சீண்டுவதில்லை, அது ஒரு குறை. பெரும்பாலும் சின்ன மடம், பணத்தட்டுப்பாடு, பூசை வைக்க வெளியிலிருந்து வந்தே ஆகவேண்டிய ஒரு குருவானவர். இதிலேயே பாதிக் கதை இருக்கிறது. ஆயர்கள், அதாவது பிஷப்புகள், வந்து விசாரித்து எழுதிவைத்த குறிப்புகளும் சுவையானவை. 1387-இல் ராம்ஸி கன்னியரிடம், பறவைகளையும் முயல்களையும் வேட்டைநாய்களையும் கோயிலுக்குள் தூக்கிக்கொண்டு வராதீர்கள் என்று வின்செஸ்டர் ஆயர் கண்டித்திருக்கிறார்.

முதல் கதைக்கு பெனடிக்ட் சபையே போதும். விதிகளும் வழக்கங்களும் விவரமாக எழுதப்பட்டிருப்பதால் ஊகித்து எழுத வேண்டிய இடம் குறைவு. உண்மையான மடத்தை எடுக்காமல் கற்பனையில் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள்.

வரைபடம்

ஒரு தாளில் வரையுங்கள், அழகாக இருக்க வேண்டியதில்லை. வடக்கே கோயில். அதன் தெற்குச் சுவரை ஒட்டிச் சதுர முற்றம். நான்கு பக்கமும் கூரையிட்ட நடை. நம் ஊர் முற்றமுள்ள பழைய வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கால் தானாக வழி கண்டுபிடிக்கும். முற்றத்தின் கிழக்கே தரைத்தளத்தில் தினசரிக் கூட்டம் நடக்கும் சபைமண்டபம், மேலே எல்லோரும் படுக்கும் நீண்ட கூடம். தெற்கே சாப்பாட்டுக்கூடம். மேற்கே பண்டகசாலை. சற்றுத் தள்ளிக் கிழக்கே மருத்துவக்கூடம். மேற்கு மதிலில் பெரிய வாசல், அதன் அருகே விருந்தினர் தங்குமிடம்.

இரண்டு இடங்களைத் தடித்த கோட்டால் குறியுங்கள். ஒன்று, படுக்கைக்கூடத்திலிருந்து நேராகக் கோயிலுக்குள் இறங்கும் இராப்படிக்கட்டு. நள்ளிரவு வழிபாட்டுக்குக் குளிரில் வெளியே போகாமல் இறங்குவதற்காகக் கட்டியது. ஹெக்ஸம் கோயிலில் அந்தப் படிகள் இன்னும் இருக்கின்றன. இத்தனை நூற்றாண்டுக் கால்கள் பட்டுக் கல் தேய்ந்து போயிருக்கிறது. இன்னொன்று, படுக்கைக்கூடத்தின் மறுகோடியில் உள்ள கழிப்பறை. வரிசையாக இருக்கைகள், கீழே ஓடும் வாய்க்கால். இரவில் ஒருவன் யாரும் கேள்வி கேட்காமல் எழுந்து போகக்கூடிய இடம் அது ஒன்றுதான். கையிலிருப்பதைத் தண்ணீரில் போட்டுவிட்டுத் திரும்பவும் முடியும். நாவல்களில் இந்த இடம் அதிகம் வருவதில்லை, எழுதுபவர்களுக்குக் கூச்சம் போலும். கொலைகாரனுக்கு அந்தக் கூச்சம் இருக்காது.

பொழுதுகள்

நாளுக்கு எட்டு வழிபாடு. நள்ளிரவு கடந்ததும் மேட்டின்ஸ், அதைத் தொடர்ந்து லாட்ஸ், விடியலில் பிரைம், பிறகு டெர்ஸ், செக்ஸ்ட், நோன், மாலையில் வெஸ்பர்ஸ், படுக்கப் போகுமுன் கம்ப்லின். பிரைமுக்கும் டெர்ஸுக்கும் இடையில் சபைமண்டபக் கூட்டம்.

அவர்களுடைய மணிநேரம் நம் மணிநேரம் இல்லை என்பதை மறக்காதீர்கள். சூரியன் எழுந்து மறையும் வரையிலான பொழுதைப் பன்னிரண்டாகப் பிரித்தார்கள். இங்கிலாந்தில் குளிர்காலப் பகல் எட்டு மணிநேரம்தான். அப்படியானால் அவர்களுடைய ஒரு மணி நமக்கு நாற்பது நிமிடம். கோடையில் அதுவே எண்பது நிமிடமாக நீளும்.

இப்போது நவம்பருக்கு வாருங்கள். மாலை ஏழு மணிவாக்கில் கம்ப்லின் முடிந்து பேச்சு நின்றுவிடும். எழுவது, பெனடிக்ட் விதிப்படி, இரவின் எட்டாம் மணியில். நம் கணக்கில் அதிகாலை இரண்டு. இடையில் ஏழு மணிநேர இருட்டு, அத்தனை பேரும் ஒரே கூடத்தில். உங்கள் கொலைக்கான நேரம் அதுதான். கோடையில் வைத்தால் இரவு இவ்வளவு நீளாது.

அந்த நேரத்தில் படுக்கைக்கூடத்துக்கு வெளியே இருக்கக் காரணம் உள்ளவர்கள் யார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். கோயில் பொருட்களுக்குப் பொறுப்பானவர், மருத்துவக்கூடத்து நோயாளிகள், தனி வீட்டில் தங்கும் மடாதிபதி, விருந்தினர்கள், வாசற்காவலர், அதிகாலை அடுப்பு மூட்டும் ரொட்டிக்காரர்கள். சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களை மறந்துவிடாதீர்கள். பெரிய மடங்களில் துறவிகளைவிட அவர்கள்தான் அதிகம்.

விதிநூலிலிருந்து துப்பு எடுப்பது

முக்கியமான வேலை இதுதான், இதற்குத் தாராளமாக நேரம் கொடுங்கள். புனித பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய விதி 73 சிறிய அத்தியாயங்கள் கொண்டது. ஓர் இரவில் படித்துவிடலாம். துறவியாகப் போகிறவருக்காக எழுதியதைத் துப்பறிபவரின் கண்ணோடு படித்தால் வேறு புத்தகமாகத் தெரியும்.

உதாரணமாக 22-ஆம் அத்தியாயம், தூங்கும் முறை பற்றியது. துறவிகள் உடையோடும் இடுப்புக்கச்சையோடும் தூங்க வேண்டும், மணி அடித்ததும் உடனே எழ வசதியாக. கூடத்தில் விடியும்வரை ஒரு விளக்கு எரிய வேண்டும். இளையவர்களின் படுக்கைகளைப் பக்கத்துப் பக்கத்தில் போடாமல் மூத்தவர்களுக்கு இடையிடையே போட வேண்டும். தூங்கும்போது மட்டும் இடுப்பில் கத்தி இருக்கக் கூடாது; தூக்கத்தில் குத்திவிடும். 55-ஆம் அத்தியாயத்தைப் பார்த்தால் கத்தி எங்கிருந்து வந்தது என்று தெரியும். அங்கி, காலுறை, காலணி, கச்சை, எழுத்தாணி, ஊசி, கைக்குட்டை, எழுதுபலகை ஆகியவற்றோடு ஒவ்வொருவருக்கும் மடமே ஒரு கத்தியும் கொடுக்கிறது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மேட்டின்ஸுக்கு மணி அடிக்கிறது, ஒருவர் மட்டும் எழவில்லை. போர்வையை விலக்கினால் உயிர் இல்லை. காயம் ஏதும் தெரியாததால் மாரடைப்பு என்கிறார்கள். ஆனால் இடுப்புக்கச்சையில் கத்தி தொங்குகிறது. இருபது வருடமாக ஒவ்வொரு இரவும் கழற்றி வைத்த மனிதர் அன்று மட்டும் ஏன் வைக்கவில்லை? அவர் படுக்கவே இல்லை. வேறெங்கோ இறந்தவரை யாரோ கொண்டுவந்து கிடத்திப் போர்த்தியிருக்கிறார்கள். அவசரத்தில் கத்தியை மறந்துவிட்டார்கள். அவரை அறியாத வெளியூர்க்காரருக்கு இதில் ஒன்றும் தோன்றாது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு உடனே உறைக்கும்.

இதேபோல் 43-ஆம் அத்தியாயம். இரவு வழிபாட்டின் தொடக்கத் திருப்பாடலை வேண்டுமென்றே மெதுவாக இழுத்துப் பாட வேண்டும் என்கிறது, தாமதமாக வருபவர்கள் வந்து சேரட்டும் என்று. அதற்கும் பிந்தி வருபவர் தன் இடத்தில் நிற்கக் கூடாது, எல்லோருக்கும் கடைசியில் நிற்க வேண்டும். அன்றிரவு கடைசியில் நின்றது யார் என்பது நாற்பது பேருக்கும் தெரிந்த செய்தி. யாருக்கும் அதைப் பேச அனுமதியில்லை, அவ்வளவுதான்.

58-ஆம் அத்தியாயத்தில் இன்னொன்று. புதிதாகச் சேருபவர் போட்டுவந்த உடையை எறிந்துவிட மாட்டார்கள்; துணியறையில் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஒருநாள் அவர் வெளியேறினால் மடத்து அங்கியைக் கழற்றிக்கொண்டு அதைக் கொடுத்தனுப்ப. துணியறையில் ஒரு பொட்டலம் காணாமற்போனால் யாரோ ஊர்க்காரன் வேடத்தில் வாசலைத் தாண்டப் போகிறார் என்று பொருள்.

பெனடிக்ட் தவிர லான்ஃபிராங்க்கையும் பாருங்கள். 1070 முதல் 1089 வரை கேன்டர்பரி பேராயராக இருந்தவர், தன் துறவிகளுக்கு நாளொழுங்கு எழுதிக்கொடுத்தார். அதில் இரவுக் காலணி வேறு, பகற்காலணி வேறு. இரவுக் காலணி மண்ணில் நடப்பதற்கானதல்ல. அதில் ஈரமண் ஒட்டியிருந்தால் பதில் சொல்லியாக வேண்டும். அதே ஒழுங்கில் சுற்றுக்காவல் துறவிகள் வருகிறார்கள். மடத்தைச் சுற்றி வந்து யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது, மேட்டின்ஸ் நடக்கும்போது விளக்கோடு போய்த் தூங்குபவர்களைப் பிடிப்பது அவர்கள் வேலை. பார்த்ததை அங்கேயே கேட்க முடியாது. மறுநாள் சபைமண்டபத்தில் எழுந்து சொல்ல வேண்டும்.

அந்தச் சபைமண்டபக் கூட்டம் எழுத்தாளருக்குக் கிடைத்த வரம். விதிநூலிலிருந்து ஒரு பகுதி படிப்பார்கள். பிறகு, தவறு செய்தவர் தானே எழுந்து ஒப்புக்கொள்ளலாம். இல்லாவிட்டால் இன்னொருவர் எழுந்து அவர்மேல் குற்றம் சாட்டலாம். தண்டனையும் அங்கேயே, சில சமயம் பிரம்படி. தினமும் காலையில் ஒரு பஞ்சாயத்து! நகரத்துத் துப்பறியும் கதையில் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டிவைக்கக் கடைசி அத்தியாயம்வரை காத்திருக்க வேண்டும்; இங்கே நாளுக்கு ஒருமுறை தானாகவே கூடுகிறார்கள்.

துப்பறிபவர்

மூலிகை தெரிந்த, உலகம் பார்த்த, கருணையுள்ள வைத்தியத் துறவி வேண்டாம். அவரை எல்லோரும் எழுதிவிட்டார்கள். மடத்தில் வேறு பொறுப்புக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: இவர் கேள்வி கேட்டால் மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டுமா? இவர் வாசலைத் தாண்டிப் போக முடியுமா? பண்டகசாலைக்காரர் சந்தைக்குப் போவார், கணக்கு தெரியும், ஆனால் அவரே சந்தேகத்துக்குரியவர். புதுமுகத் துறவிக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருப்பதால் வாசகருக்கு வசதி. ஆனால் அவனால் எங்கும் நகர முடியாது.

எனக்குப் பிடித்தது தானம் வழங்கும் பொறுப்பில் உள்ளவர். சாப்பாட்டுக்கூடத்தில் மிஞ்சும் உணவு அவர் கைக்கு வந்து வாசலில் ஏழைகளுக்குப் போகும். அதனால் ஊர்ச்செய்தி அவருக்கு முதலில் தெரியும். இது ஒரு துப்பாகவும் மாறும். ஒரு துறவி இரவுக்குள் இறந்துபோகிறார், உணவில் விஷம் என்கிறார்கள். நவம்பரில் ஒரே வேளை உணவு, மதியத்துக்குப் பிறகு. அந்தப் பாத்திரத்தில் மிஞ்சியது வாசலில் மூன்று பிச்சைக்காரர்கள் வயிற்றுக்குப் போயிருக்கிறது. மூவரும் மறுநாள் காலை கை நீட்டிக்கொண்டு நல்ல தெம்பாக நிற்கிறார்கள். அப்படியானால் விஷம் உணவில் இல்லை.

காரணம்

காமம், பொறாமை, மறைந்துகிடக்கும் புதையல் எல்லாம் எங்கும் கிடைக்கும். மடத்துக்கென்றே உள்ள காரணத்தைத் தேடுங்கள்.

கொரடி என்றொரு ஏற்பாடு இருந்தது. வயதானவர் ஒருவர் தன் நிலத்தையோ மொத்தப் பணத்தையோ மடத்துக்குக் கொடுத்துவிடுவார். பதிலுக்கு மடம் அவருக்கு ஆயுள் முழுக்க ரொட்டி, பியர், ஒரு கறி, விறகு, சில சமயம் தங்க அறை எல்லாம் தரும். அவர் சீக்கிரம் போய்ச்சேர்ந்தால் மடத்துக்கு லாபம். நீண்டகாலம் இருந்தால் நஷ்டம். இரண்டு வருடம் தாங்கமாட்டார் என்று கணக்குப் போட்டுச் சேர்த்துக்கொண்ட கம்பளி வியாபாரி பதினோராவது குளிர்காலத்திலும் முழு ரொட்டியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கணக்கெழுதுபவர் முகம் எப்படி இருக்கும்!

பத்திர மோசடியும் உண்டு. பழைய அரசர்கள் கொடுத்ததாக நிலப்பட்டயங்களைத் தாங்களே எழுதிக்கொண்ட மடங்கள் பல. வெஸ்ட்மின்ஸ்டரே பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதைச் செய்திருக்கிறது. எழுதியவர் கிழவராகி, சாகுமுன் குருவானவரிடம் பாவத்தை ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்யத் துடித்தால் அவர் வாயை அடைக்க விரும்புபவர் யார்? இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை. கொலைகாரன் தனக்காக ஒரு காசும் எடுக்கவில்லை, மடத்துக்காகச் செய்தேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியும்.

ஆயுதம்

இதை நீட்டவேண்டாம். ஹென்பேன், ஹெம்லாக், மங்க்ஸ்ஹூட் ஆகிய நச்சுச்செடிகள் இங்கிலாந்தில் உண்டு. வலிக்கு மேலே தடவுவது உள்ளே போனால் எமன். கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் கிடையாது. அறிகுறி, வாசனை, யார் அலமாரியைத் திறந்தார் இவை மட்டுமே. ரத்தக்கறையை நம்பிக் கதை கட்டினால் ஒன்றைக் கவனியுங்கள். துறவிகளுக்கு ஆண்டில் பலமுறை ரத்தம் வாங்குவது வழக்கம். அந்தச் சில நாள் ஓய்வும் நல்ல சாப்பாடும் கொஞ்சம் பேச்சுச் சுதந்திரமும் கிடைக்கும் என்பதால் ஆவலோடு காத்திருப்பார்கள். ஆகவே ஒருவர் கைச்சட்டையில் ரத்தம் இருப்பது அங்கே பெரிய சங்கதி இல்லை.

உணவு விஷயத்தில் எச்சரிக்கை: உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், தேநீர், புகையிலை எதுவும் கிடையாது. மிளகு உண்டு, மலபாரிலிருந்து போனது, விலை அதிகம்.

பிணம் எங்கே கிடந்தது

கதையின் முடிச்சு இங்கே விழ வேண்டும். கோயிலுக்குள் ரத்தம் சிந்தப்பட்டால் அந்தக் கோயில் தீட்டுப்பட்டதாகிவிடும். ஆயர் வந்து சுத்திகரிக்கும்வரை அங்கே பூசை கிடையாது. 1170 டிசம்பர் 29 அன்று கேன்டர்பரி பேராலயத்துக்குள் பேராயர் தாமஸ் பெக்கெட் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தப் பேராலயம் ஒரு பெனடிக்ட் மடத்தின் கோயிலும்கூட. அது சுத்திகரிக்கப்பட்டது 1171 டிசம்பர் 21-இல், கிட்டத்தட்ட ஓராண்டு.

இதை உங்கள் சின்ன மடத்துக்குக் கொண்டுவாருங்கள். நள்ளிரவு ஒரு மணிவாக்கில் விளக்கேற்ற வந்த கோயில் பொறுப்பாளர் பீடத்தின் அருகே பிணத்தைப் பார்க்கிறார். இன்னும் சில நாளில் புனிதர் திருநாள், யாத்திரிகர்கள் வருவார்கள், ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு அதில்தான். அவர் கொலைகாரர் இல்லை. ஆனால் பிணத்தை இழுத்துக்கொண்டுபோய் முற்றத்து நடையில் போட்டுவிட்டுத் தரையைத் துடைக்கிறார். கதையின் முதல் பொய்யை நிரபராதி சொல்லிவிட்டார். இனிமேல் துப்பறிபவர் கணக்குப் போடுவதெல்லாம் தவறான இடத்திலிருந்து.

துறவிகள் இப்படிச் செய்வார்களா என்று தயங்க வேண்டாம். 1198-இல் பரி செயின்ட் எட்மண்ட்ஸில் புனிதர் எட்மண்டின் பேழை இருந்த மேடை நள்ளிரவில் தீப்பிடித்தது. துறவிகள் தண்ணீருக்கு ஓடினார்கள், சிலர் கிணற்றுக்கு, சிலர் நீர்க்கடிகாரத்துக்கு. அணைத்தபின் பொற்கொல்லரை வரவழைத்துத் தகடுகளைப் பொருத்தினார்கள். கருகிய அடையாளங்களை மெழுகு பூசி மறைத்தார்கள். காலையில் காணிக்கையோடு வந்த யாத்திரிகர்கள், இங்கே தீப்பிடித்ததாமே, எங்கே என்று எட்டிப்பார்த்துக் கேட்டபோது, மெழுகுவத்தி விழுந்து மூன்று துணி எரிந்தது என்று பதில் கிடைத்தது. இதை எழுதிவைத்தவர் அங்கேயே இருந்த ஜோசலின் என்ற துறவி.

கோயில் பொறுப்பாளருக்கு இன்னொரு பக்கம் சட்டமும் நெருக்குகிறது. பிணத்தை முதலில் பார்த்தவர் கூக்குரலிட்டு ஊரைக் கூட்ட வேண்டும். கொரோனர் வரும்வரை புதைக்கக் கூடாது, மீறினால் அபராதம். கொரோனர் வருவார், பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்களைக் கூட்டி, உடலைத் திறந்துகாட்டி, காயத்தின் நீளம் ஆழம் பார்த்து எழுத வைப்பார். முதலில் பார்த்தவர் பின்னால் நீதிபதிகள் முன் ஆஜராக ஜாமீன் கொடுக்க வேண்டும். பார்த்ததற்கே இத்தனை தொல்லை என்றால், பார்க்காததுபோல் போகலாம் என்று யாருக்குத்தான் தோன்றாது?

கொலை நடந்தபோது வாசல் திறந்திருந்ததா என்பதற்கும் நல்ல முன்மாதிரி உண்டு. 1283 நவம்பரில் எக்ஸெட்டர் பேராலயத்தின் பாடற்குழுத் தலைவர் வால்டர் லெச்லேட் இரவு வழிபாடு முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டார். அங்கே இருந்தவர்கள் துறவிகள் அல்லர், மறைமாவட்டக் குருமார். என்றாலும் பாடம் ஒன்றுதான். அன்றிரவு நகரத்தின் தெற்கு வாசல் பூட்டப்படவில்லை என்பது வழக்கில் முக்கியமாகிவிட்டது. 1285 கிறிஸ்துமஸுக்கு முதலாம் எட்வர்ட் அரசரே அங்கே வந்து விசாரணையில் உட்கார்ந்தார். முன்னாள் மேயர் தூக்கிலிடப்பட்டார். அதே வழக்கில் சிக்கிய குருமார்கள் தூக்குக்குப் போகவில்லை.

முடிவு

குருமார்கள் ஏன் தப்பினார்கள் என்பதுதான் உங்கள் கடைசி அத்தியாயம். குருமாரையும் துறவியையும் அரச நீதிமன்றம் தூக்கிலிட முடியாது. ஆயரிடம் ஒப்படைக்க வேண்டும். அங்கே அதிகபட்சம் சிறை, ரொட்டியும் தண்ணீரும். அதே குற்றத்தைச் செய்த ரொட்டிக்காரனுக்கோ குதிரைக்காரனுக்கோ கயிறு. அவனுக்கு ஒரே வழி கோயிலுக்குள் ஓடி அடைக்கலம் புகுவது. நாற்பது நாள்வரை யாரும் தொட முடியாது. பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டு, கையில் சிலுவையோடு துறைமுகம்வரை நடந்து, நாட்டைவிட்டே போக வேண்டும்.

இப்போது மடாதிபதியின் இடத்தில் நின்று பாருங்கள். கொலை செய்தது தன் துறவி என்று தெரிந்துவிட்டது. ஊர் முழுக்க வேலைக்காரன் ஒருவனைச் சந்தேகிக்கிறது. அவன் வெளியே ஊர்க்கோயிலில் அடைக்கலம் புகுந்து இருபது நாளாகிவிட்டது. துறவியைக் காட்டிக்கொடுத்தால் அவருக்கு உயிர்ச்சேதமில்லை, மடத்துக்குத்தான் மானக்கேடு. மௌனமாக இருந்தால் ஒரு குடும்பம் அழியும். உங்கள் துப்பறிபவர் கீழ்ப்படிதலுக்கு உறுதி எடுத்தவர். பேசாதே என்று மடாதிபதி சொன்னால் பேசக் கூடாது. இந்த இடத்தில் அவர் என்ன செய்வார் என்பதை முதல் அத்தியாயம் எழுதுமுன்பே முடிவுசெய்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு தாளை எடுத்து இடப்பக்கம் எட்டு வழிபாடுகளையும், மேலே ஒவ்வொரு பாத்திரத்தின் பெயரையும் எழுதிக் கட்டம் போடுங்கள். பெயர்கள் ஜான், வில்லியம், ராபர்ட், தாமஸ் என்று வெவ்வேறு எழுத்தில் தொடங்கட்டும். ஒரே அங்கியில் இருப்பவர்களை வாசகர் வேறெப்படிப் பிரித்தறிவார்? ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆள் அந்தப் பொழுதில் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று பென்சிலால் நிரப்புங்கள். பிறகு ஒரே ஒரு கட்டத்தை அழித்து வேறு இடத்தை எழுதுங்கள்.